ஊசியை மாற்று

வார்டோவில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் திரும்பி வரும். நோர்வேயின் கிழக்கு முனையில், பேரன்ட்ஸ் கடலுக்குள் நிற்கிற சின்னத் தீவு இது. இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது என்று சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள். 1982 இல் கடலுக்கு அடியால் சுரங்கப் பாதை திறந்தார்கள். நோர்வேயில் கடலடியில் போட்ட முதல் வீதிச் சுரங்கம் அதுதான். 1989 மார்கழியில் அந்தச் சுரங்கத்துக்குள்ளால் பஸ்ஸில் வந்து, பட்டப்பகலில் இருட்டுக்குள் இறங்கினேன். அந்த நாட்களில் வடக்கு நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். என் கணவரும் ஒருவர். பிறகு நானும் அவரோடு கத்தி பிடித்தேன்.

எனக்கு மீன் புதிது அல்ல. நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை. ஐயா கடற்தொழிலாளி. 1956 இல் நோர்வேக்கு வந்து, இங்கே முதல் வந்த தமிழர் என்று பெயர் எடுத்த அந்தோனி இராஜேந்திரத்தின் முயற்சியால் எங்கள் பக்கத்தில் 'சீநோர்' மீன்பிடி நிறுவனம் வந்தது. இலங்கைக்கும் நோர்வேக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. அந்தப் பெயரை வாயில் வைத்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு அதன் இரண்டாம் பாதியில் வாழ்நாள் கழியும் என்று அப்போது தெரியாது.

மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஒஸ்லோவுக்குப் போன பிறகும் நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். முப்பது வருசத்துக்கு மேல் கம்பளிக்குள் வாழ்ந்தும் ஒரு தொப்பி பின்னியவள் அல்ல நான். வேலையால் ஓய்ந்த வருசம், நூலகத்தில் ஒரு அறிவித்தல் கண்டேன். இருட்காலத்தில் செவ்வாய்தோறும் கூடி ஒரு போர்வை பின்னப் போகிறார்கள், பத்துப் பேர் வேண்டும், ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. நூலகத்தில் நூல் உருண்டைகளோடு பெண்கள் இருப்பது அவர்களுக்குச் சாதாரணம். எனக்கு அது தமிழில் பட்டது. இழைக்கும் புத்தகத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற மொழி நம்முடையது. சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவராகவும் வைத்து நன்னூல் சொல்கிற உவமையை வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. பத்தாவது ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

குழுவை நடத்தியவர் எண்பதைத் தாண்டிய பெண். இங்கே எந்த வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வராது. மனதுக்குள் அவரை ஆச்சி என்றே வைத்துக்கொண்டேன்.

போர்வைத் திட்டம் இதுதான். முப்பது சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் இருபது, ஆளுக்கு இரண்டு. ஐந்து வரிசை. அடி வரிசையின் பின்னணி கருநீலம், அதற்கு மேல் நீலம், பிறகு சாம்பல், பிறகு இளஞ்சிவப்பு, உச்சியில் மஞ்சள். இருட்காலம் முடிந்து வானம் வெளுக்கிற ஒழுங்கு. எல்லாச் சதுரத்திலும் நடுவில் வெள்ளையில் எட்டிதழ்ப் பூ. துரொண்ட்ஹைம் பக்கத்துச் செல்பு என்ற ஊரின் பெயரால் அதை அழைப்பார்கள். 1857 இல் மாரித் எம்ஸ்தாத் என்ற பதினாறு வயதுப் பெண் அதைக் கையுறையில் பின்னினாளாம்; பார்த்தவர்கள் எல்லோரும் பின்னத் தொடங்கினார்களாம். எங்கள் ஊர்க் கோட்டையும் எட்டு முனை கொண்டது என்பதால் வார்டோக்காரருக்கு அந்தப் பூ இரட்டிப்புச் சொந்தம்.

முதல் நாள் பாடத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஊசியில் நிற்கிற ஒவ்வொரு வளையத்தையும் நோர்வே மொழியில் 'மஸ்கே' என்கிறார்கள். மீன் வலையின் கண்ணுக்கும் அதே சொல். எனக்குத் தெரிந்த சொல் அது. தொழிற்சாலையில் வலையைப் பற்றி ஆண்கள் பேசும்போது கேட்டது. அன்றிலிருந்து நான் பின்னலையும் 'கண்' என்றே எண்ணினேன். மூன்று கண் வெள்ளை, இரண்டு கண் மஞ்சள், ஒரு கண் வெள்ளை.

இரண்டு நிறத்தில் பின்னும்போது ஒரு நூல் முகப்பில் வேலை செய்யும், மற்ற நூல் பின்னால் சும்மா ஓடும். முறை வரும்போது அது முன்னுக்கு வரும். பின்னால் ஓடுகிற நூலை இழுத்துப் பிடித்தால் முகப்பு சுருங்கிவிடும். ஐந்து கண்ணுக்கு மேல் நீள ஓடவிட்டால் விரலில் கொழுவும். பூவைச் சுற்றி வெறும் பின்னணியில் ஒற்றை ஒற்றைப் புள்ளிகள் வைப்பது அதற்காகத்தான். அவற்றுக்கு இங்கே வைத்திருக்கிற பெயர் 'பேன்'. அழகுக்கு வைத்த புள்ளி என்று நான் நினைத்தது, நூல் நெடுந்தூரம் தனியே ஓடாமல் நடுவில் கால் ஊன்றுகிற இடம். இரண்டு நூலில் எது கீழே ஓடுகிறதோ அந்த நிறம் எடுப்பாகத் தெரியும் என்பதால் வெள்ளையைக் கடைசிவரை கீழேயே வைத்திருக்க வேண்டும். நடுவில் மாற்றிப் பிடித்தால் பூ மங்கிவிடும்.

மூன்றாவது செவ்வாய் ஆச்சி அளவுகோலோடு ஒவ்வொருவராக வந்தார். பத்துச் சென்ரிமீற்றருக்கு இருபத்து நான்கு கண் இருக்க வேண்டும். எனக்கு இருபத்தேழு இருந்தது. அப்படியே போனால் என் சதுரம் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் சிறுத்துவிடும். மற்ற ஒன்பது பேர் முன்னால் முகம் சுட்டது.

என் கை ஏன் இறுகியது என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்து வலை பொத்தப் பழகிய கை இது. அவர் சொல்லித் தந்த ஒரே பாடம், "முடிச்சு இளகினால் கண் பெருக்கும், கண் பெருத்தால் மீன் போயிடும், இறுக்கிப் போடு." அதற்குப் பிறகு இந்தக் கை சும்மா இருந்ததில்லை. குளிரில் கத்தி பிடித்தும், விறைத்த மீனைப் பிடித்தும் இன்னும் இறுகியது.

"இனி இளக்கிப் பின்னுகிறேன்" என்றேன் ஆச்சியிடம்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். "முடியாது. பத்து வரிசைக்கு இளக்குவாய். பிறகு கதை ருசித்ததும் கை தன் பாட்டுக்குப் போய்விடும். சதுரம் கீழே ஒரு அளவு, மேலே ஒரு அளவாக வரும்." தன் பெட்டியைத் திறந்து, நான் வைத்திருந்த 3.5 மில்லிமீற்றர் ஊசியை வாங்கிக்கொண்டு 4 மில்லிமீற்றர் ஊசியைத் தந்தார். "கையை மாற்றாதே. ஊசியை மாற்று."

பின்னத் தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, என்னையே இளக்கிக்கொள்வதுதான் வாழத் தெரிவது என்று நினைத்திருந்தேன். குரலைத் தணித்தேன், சிரிப்பைக் குறைத்தேன், பிள்ளைகளுக்குப் பேர் வைக்கும்போதுகூட இவர்கள் வாய்க்கு வருமா என்று யோசித்தேன். யாரும் கழுத்தைப் பிடித்துச் சொன்னதில்லை. அளவு பொருந்தவில்லை என்றால் பிழை கையில்தான் என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன். அளவு ஒன்றாக வருவதற்கு எல்லாருக்கும் ஒரே ஊசி வேண்டியதில்லை என்று எனக்கு யாரும் அதுவரை காட்டித் தரவில்லை.

அடுத்த செவ்வாய் கவனித்தேன். ஆச்சியின் கை இளக்கம். அவர் 3 மில்லிமீற்றர் ஊசியில் பின்னினார். தபால் வேலை செய்த பெண் 3.5, அவளுடைய மகள் 3.25. பத்துப் பேருக்கு நான்கு அளவு ஊசிகள். சதுரம் மட்டும் எல்லாருக்கும் முப்பது.

பின்னியதை எல்லாம் அவிழ்த்தேன். கம்பளி மன்னிக்கிற பொருள். நெளிந்து நெளிந்து வந்தாலும் மறுபடி ஊசியில் ஏறும். நூல் உருண்டை முடிந்து புதியதைத் தொடுக்கும்போது மற்றவர்கள் நுனிகளைப் பின்பக்கத்தில் ஊசியால் கோர்த்து மறைத்தார்கள். நான் யோசிக்காமல் வலை முடிச்சுப் போட்டேன். நெசவாளர்கள் அறுந்த இழையைச் சேர்க்கிறதும் அதே முடிச்சுத்தான். ஆச்சி அதைத் தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போனார்.

இரண்டு சதுரங்களையும் சேர்த்து ஒரே குழாயாகத்தான் பின்னினோம். அப்படிப் பின்னினால் முகப்பு எப்போதும் கண்முன் இருக்கும், பூ தவறாது. சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் ஐந்து கண் கூடுதல். பின்னி முடித்ததும் அந்த ஐந்து கண்ணின் இரு பக்கமும் தையல் மெசினால் தைத்துவிட்டு, நடுவால் கத்தரிக்க வேண்டும். இரண்டு மாதம் பின்னியதைக் கத்தரிக்கச் சொன்னால் கை எழும்புமா? ஆச்சி தன்னுடையதை முதலில் வெட்டிக் காட்டினார். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வெட்டின இடம் பிரிந்து ஓடாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் கண்ணாக வெட்டினேன். வெட்டிய விளிம்பு சின்னத் தூரிகை மயிர் மாதிரிக் குத்திட்டு நின்றது. ஒரு கண்கூட இளகவில்லை.

இருபதையும் இளஞ்சூட்டு நீரில் நனைத்து, பலகையில் ஊசி குத்திக் காயவைத்து, தைத்து முடிக்க ஜனவரி மூன்றாம் வாரம் ஆயிற்று. சூரியன் முழு வட்டமாகத் தெரிகிற அன்று கோட்டையில் பீரங்கி முழங்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அன்றுதான் போர்வையை ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க இருந்தோம். பீரங்கிச் சத்தம் கேட்டு எல்லாரும் யன்னலுக்கு ஓட, நான் நூலக மேசையில் விரித்துக் கிடந்த போர்வையை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். குருநகரில் அப்போது பின்னேரம்.

"வடிவாக் கிடக்கு" என்றார். பிறகு, ஊசி பிடித்த எல்லாப் பெண்களும் கேட்கிறதைக் கேட்டார்: "மற்றப் பக்கத்தைத் திருப்பிக் காட்டு பிள்ளை."

திருப்பினேன். முகப்பில் ஒரே கை பின்னியது போல இருந்தது. பின்பக்கத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரின் நூல் தளர்ந்து தொங்கியது, ஒருவரின் நூல் கோடு கீறியது போல ஓடியது. போனை மெல்ல நகர்த்தினேன். மஞ்சள் வரிசையில் அம்மா என்னை நிறுத்தினார்.

"கிட்டப் பிடி. இன்னும் கிட்ட." கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இது உன்ரையெல்லோ," என்றார். "கொப்பற்ரை முடிச்சுக் கிடக்கு."