ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு இன்டர்வியூ?

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தோம். அவளை உட்காரவைத்து ஏபிசிடி எழுதச் சொன்னார்கள். அவள் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அடுத்து என் மனைவியிடம், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க? வீட்டுல இங்கிலீஷ் பேசுவீங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. நன்கொடையும் வாங்கக் கூடாது. வயதுச் சான்று இல்லையென்று இடம் மறுக்கவும் முடியாது. அதைச் சொல்வது 14-ஆவது பிரிவு.

அந்தத் தனியார் பள்ளி வேண்டாமென்று, மகளை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். பிறப்புச் சான்றிதழ் நகலை வாங்கிக்கொண்ட தலைமையாசிரியை அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சாப்டியா கண்ணு?" இப்போது காலைச் சாப்பாடும் அங்கேதான். பொங்கல் போடும் நாளில் எங்களுக்கு முன்னால் கிளம்பி நிற்கிறாள்.

சேர்க்கைக்காக அலைகிற அப்பா அம்மாக்களே, பிள்ளைக்குப் பரீட்சை வைத்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.