குரோமியம் இல்லாத குரோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பரிடம், பொம்மையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். சிரித்துவிட்டார். "இருபது வயதில் பொம்மையா? நாட்டு நிலைமை, இளைஞர் கடமை என்று ஏதாவது எழுதக் கூடாதா?" என்றார். அவற்றை எழுத நம் கல்லூரியில் வல்லவர் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு பொம்மையும் ஒரு பட்டறையுந்தான்.

என் தாயார் வேலை பார்க்கும் வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. அவர் அறையில் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று உண்டு. உள்ளே புத்தகம் இருக்கும் என்று எண்ணித்தான் முதல் முறை எட்டிப் பார்த்தேன். அத்தனையும் ரோபோ பொம்மைகள்! லாரியாக இருப்பது நாலைந்து மடிப்பில் மனிதனாக எழுந்து நிற்கும். மனிதனாக நிற்பது துப்பாக்கியாகச் சுருங்கும். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று அவற்றுக்குப் பெயர். ஜப்பானிய டகாரா நிறுவனம் 1980-இல் தொடங்கிய 'டயாகுளோன்' என்ற வரிசையிலும், 'மைக்ரோமேன்' என்ற இன்னொரு வரிசையிலும் வந்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் எடுத்து, புதுப் பெயரும் கதையும் கொடுத்து 1984-இல் கடைக்குக் கொண்டுவந்ததாம். அலமாரியில் இருந்தவை பின்னாளில் அதே அச்சில் மறுபடி வார்க்கப்பட்டவையும், அதற்கும் பிறகு புதிதாக வடிவமைக்கப்பட்டவையும்.

அந்த அண்ணன் பொல்லாதவர் அல்லர். என் தம்பி ஐந்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியதைக் கேட்டு, அலமாரியில் இடம் இழந்திருந்த பழைய ஒன்றை அவனுக்கென்று அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். 'ஆப்டிமஸ் பிரைம்' என்ற அந்தத் தலைவன் பொம்மைதான். சிவப்பு மார்பு, நீலக் கால்கள். ஒரு கை முஷ்டியைக் காணோம். புகைபோக்கிகளில் ஒன்று முறிந்து தனியே கிடந்தது. தொடைகளும் வயிற்றுப் பக்கத்து முகப்புக் கம்பிகளும் பளபளவென்று முகம் பார்க்கும்படி இருந்தன; ஆனால் மடிக்கிற இடத்தில் அந்தப் பளபளப்பு தேய்ந்து, அடியிலிருந்த பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. அலமாரியை விட்டு அது இறங்கியதற்குக் காரணமே அந்தத் தேய்மானந்தான். "குரோம் போயிடுச்சு, அதான்" என்றார் அண்ணன்.

குரோம்! எங்கள் வீட்டில் அந்தச் சொல் சோறு போடும் சொல். அப்பா இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்பத்தூரில் ஒரு சிறிய முலாம் பட்டறையில் வேலை செய்கிறார். மோட்டார் சைக்கிள் சைலன்சர், சைக்கிள் ஹேண்டில்பார், பழைய கார்களின் பம்பர் எல்லாம் அவர் கையால் தொட்டியில் இறங்கி ஏறியவை. முதலில் பஃப் பிடித்து மழமழப்பாக்குவார்கள். காஸ்டிக் தொட்டியில் எண்ணெய்ப் பசை போகும். ஆசிட்டில் துரு போகும். பிறகு செம்பு, பிறகு நிக்கல், கடைசியாகக் குரோம். "நிக்கல்தான் உடம்பு, குரோம் சட்டை" என்பது அப்பாவின் வாசகம். பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அப்பா சொல்வது சரிதான். அலங்கார முலாமில் நிக்கல் பத்து, இருபது மைக்ரான் இருந்தால், மேலே குரோமியம் ஒரு மைக்ரானில் பாதிகூட இருப்பதில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவருக்கு இது கையால் தெரிந்திருக்கிறது.

தம்பி பொம்மையை அப்பாவிடம் நீட்டி, "அப்பா, இதைப் புதுசு மாதிரி பண்ணித் தாங்க" என்றான். "இவ்வளவுதானே? பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அதைக் கையில் வாங்கினார். வாங்கியவர் முகம் மாறியது. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் தட்டினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "பம்பர் மாதிரி ஜில்லுனு இல்லையே. இது தொட்டியில இறங்கின சாமான் இல்லடா" என்றார்.

பிளாஸ்டிக் என்பதால் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பிளாஸ்டிக்கிலும் முலாம் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். குளியலறைக் குழாய்களின் கைப்பிடியும், கார் முகப்பில் ஒட்டும் எழுத்துகளும் அப்படி ஆனவையே. ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கைக் குரோமிக் அமிலத்தில் அரிக்கவிட்டு, பல்லேடியம் தொட்டுக்கொடுத்து, மின்சாரமில்லாமல் ஒரு படலம் ஏற்றி, அதன்மேல் வழக்கமான செம்பு, நிக்கல், குரோம் ஏற்றுகிறார்கள். அது கையில் கனக்கும், குளிரும். இந்தப் பொம்மை கனக்கவும் இல்லை, குளிரவும் இல்லை.

அப்படியானால் இது என்ன? எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. "முறிந்த துண்டு இருக்கிறதல்லவா? அலுமினியத்தைப் பற்றி முதலாண்டில் என்ன படித்தாய்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் செய்முறை வகுப்பு முடிந்ததும் அந்தப் புகைபோக்கித் துண்டைச் சோதனைக் குழாயில் இட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றினேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, முறிந்த ஓரத்திலிருந்து பளபளப்பு பின்வாங்கத் தொடங்கியது. கடைசியில் குழாயின் அடியில் ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் குச்சி கிடந்தது. ஹைட்ரஜன் குமிழிகளைக் காணலாம் என்று கண்ணை விரித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. குமிழி காட்டும் அளவுக்கு அங்கே உலோகம் இருந்தால்தானே!

குரோமியமாக இருந்தால் காரத்தில் அசைந்திருக்காது. பழைய குரோமை உரிக்கப் பட்டறையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். காரத்தில் இப்படிக் கரைந்து மறைவது அலுமினியம். ஆம், சேகரிப்பவர்கள் குரோம் குரோம் என்று உயிரை விடும் அந்தப் பளபளப்பில் குரோமியம் ஓர் அணுவும் இல்லை.

செய்யும் முறை இதுதான். பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு முதலில் ஒரு வார்னிஷ் பூச்சு. பின்பு காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய கலத்துக்குள் அவற்றை அடுக்கி, நடுவில் டங்ஸ்டன் கம்பியில் அலுமினியத் துணுக்குகளைத் தொங்கவிட்டு மின்சாரத்தால் சூடேற்றுகிறார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகி, மேலும் சூடேற ஆவியாகி, வழியில் தடுக்கக் காற்று இல்லாததால் நேரே போய் எதிர்ப்பட்டதன்மேல் படிகிறது. படலம் ஒரு மைக்ரானில் பத்திலொரு பங்கை ஒட்டியதுதான். மேலே இன்னொரு வார்னிஷ். அந்த வார்னிஷில் மஞ்சள் சாயம் கலந்தால் அதுவே 'தங்கக் குரோம்'! உறுப்புகளை வார்ப்புக் கொடியோடு சேர்த்தே பூசுவதால், பிறகு வெட்டியெடுத்த இடத்தில் ஒரு சிறு தழும்பு பூச்சின்றி நிற்கும். தம்பியின் பொம்மையில் அதைத் தேடிக் கண்டுபிடித்தேன். பொம்மைதானே என்று இகழ வேண்டாம். நம் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கும் வெற்றிடத்தில் ஏற்றிய இதே அலுமினியப் பூச்சுதான்.

இனி அந்த அண்ணனின் அலமாரிச் சண்டைக்கு வருகிறேன். சேகரிப்பவர்கள் இரண்டு கட்சியாம். 2003-இல் டகாரா 'மாஸ்டர்பீஸ்' என்று பெரியவர்களுக்கான உயர்ந்த வரிசை ஒன்றைத் தொடங்கியது. அதில் வருபவற்றுக்குக் குரோம் வேண்டும் என்பது ஒரு கட்சி. வேண்டாம், சாம்பல் அல்லது வெள்ளி வர்ணம் பூசிய பிளாஸ்டிக்கே போதும் என்பது மறு கட்சி. வர்ணக் கட்சியாரின் வாதம், 1984-இல் வந்த கார்ட்டூன் படத்தில் அந்தத் தலைவனின் தொடை வெறும் சாம்பல் நிறந்தானே என்பது. குரோம் கட்சியாரின் வாதம், சிறு வயதில் கையில் பிடித்தது அப்படி மின்னியதே என்பது.

என்னைக் கேட்டால் குரோம் கட்சியே. கார்ட்டூனில் ஏன் சாம்பல் நிறம்? வினாடிக்குப் பல படம் என்று கையால் வரைகிறவர்கள், ஒவ்வொரு படத்திலும் கண்ணாடிப் பிரதிபலிப்பை எப்படி மாற்றி மாற்றி வரைவார்கள்? வேறு வழியில்லாமல் ஒரே நிறத்தை அப்பினார்கள். மின்னும் பொம்மையைப் பார்த்துப் படம் சாம்பலாயிற்று. அந்தப் படத்தைப் பார்த்து இன்று பொம்மை சாம்பலாகிறது. ஆதியில் அது ஒரு தட்டை முகத்து அமெரிக்க லாரி. அதன் முகப்பும் புகைபோக்கியும் மின்னத்தான் வேண்டும்.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளி வர்ணம் என்கிறோமே, அதில் வெள்ளி கிடையாது. இருப்பது அலுமினியத் தூள். ஆகவே இரு கட்சியும் சண்டையிடுவது ஒரே உலோகத்துக்காக! தொடர்ச்சியான படலமாகப் படிந்தால் ஒளியை ஒரே ஒழுங்கில் திருப்பிக் கண்ணாடியாகிறது. செதில் செதிலாக அரக்கில் மிதந்தால் ஒளியைச் சிதறடித்து மங்குகிறது. தேய்மானத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. மடிக்கும்போது உறுப்போடு உறுப்பு உரசும் இடத்தில் இரண்டும் போகும். போகாதது, வார்க்கும்போதே நிறம் கலந்த வெறும் பிளாஸ்டிக் ஒன்றுதான். கீறினாலும் உள்ளேயும் அதே நிறம். ஆனால் அதை எந்தக் கட்சியும் சீண்டுவதில்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். கல்லூரியில் படித்ததை அவருக்குச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்? வெற்றிடக் கலம், டங்ஸ்டன் கம்பி, எல்லாவற்றையும் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ இதுக்கு ஆசிட் தொட்டி கிடையாதா?"

"கிடையாதுப்பா."

"பக்கத்துல ஆள் நிக்க வேணாமா?"

"கலத்தை மூடிட்டு வெளியில நிக்கலாம்."

அவர் ஒன்றும் பேசவில்லை. நான் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தேன். நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டும். குரோமிக் அமிலத் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பங்கு குரோமியத்தை ஏற்றுவதில்லை. ஹைட்ரஜனை எழுப்புவதிலேயே போகிறது. அந்தக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது அமிலத்தைப் பனிபோலத் தூவுகின்றன. அது ஆறு இணைதிறன் உள்ள குரோமியம். விரல் இடுக்கில் பட்டால் ஆறாத புண். நாளடைவில் மூக்கின் நடுத் தண்டைத் துளைத்துவிடும். அப்பாவுக்கு அந்தத் துளை இருக்கிறது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துச் சொன்னார். வலி இல்லை என்பார் அப்பா. வாசனை மட்டும் சரியாகத் தெரிவதில்லை; அம்மா குழம்பு தீய்ந்துவிட்டது என்று பதறும்போது இவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். என் கல்லூரிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அந்தத் தொட்டிக்கரையில் நின்று வந்தவை.

ஐரோப்பிய நாடுகளில் 2017 செப்டம்பர் 21 முதல் தனி அனுமதியின்றிக் குரோமியம் டிரை ஆக்சைடைப் பயன்படுத்த முடியாது என்றும், தீமை குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத் தொட்டி வெகு நாளாகவே இருக்கிறது என்றும் பேராசிரியர் கூறினார். அதையும் அப்பாவிடம் சொன்னேன். "முதலாளி அதைப் பத்திப் பேசியிருக்காரு. கலர் கொஞ்சம் கறுப்படிக்குமாம். செலவும் ஜாஸ்தியாம். பார்ட்டி ஒத்துக்க மாட்டாங்கன்னாரு" என்றார். நிறம் கறுப்படிக்குமாம்! எந்த அலமாரியிலும் வைக்காத ஒரு சைக்கிள் ஹேண்டில்பாருக்கு!

கொடுத்த வாக்கு இருக்கிறதே, தம்பி விடுவானா? பட்டறையில் ஆகாது என்று ஆனபின், சன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளி பெயிண்டை அப்பா தேடி எடுத்தார். பொம்மையின் இடது தொடைக்கு மட்டும் மெல்லிய துணியால் தொட்டுத் தொட்டுப் பூசி, இரண்டு நாள் பரண்மேல் காயவைத்தார். வலது தொடையைத் தொடவில்லை. "எது நிக்குதுன்னு பார்ப்போம்" என்றார். இருபத்திரண்டு ஆண்டு முலாம்காரரின் ஆராய்ச்சி அது.

தம்பி லாரியாக்கினான், மனிதனாக்கினான், மறுபடி லாரியாக்கினான். மூன்றாம் நாள் மாலை அப்பா அதை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். வலது தொடையில் எங்கே தேய்ந்திருந்ததோ, இடது தொடையிலும் அதே இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. விரலால் தடவினார். "இந்த இடத்துல எதுவும் நிக்காது" என்று தம்பியிடம் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, இரண்டு மூக்குத் துளையிலும் உள்ளே தடவிக்கொண்டு, இரவு ஷிப்டுக்குக் கிளம்பினார்.