வகரமும் ஒரு முன்பல்லும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மெர்சிங்கின் முகமே மாறிவிடும். தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் துறையில் கட்டுண்டு கிடக்கும். தென்சீனக் கடல் இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். அத்தகைய ஒரு மாலையில், அண்டை வீட்டு மலாய் அம்மையார் அன்போடு தந்த டோடோலைக் கடித்து இழுத்தேன். என் மேல்வரிசை முன்பல்லின் உறை ஆடியது. ‘கிரவுன்’ என்று சொல்லி மருத்துவர் அதை அணிவித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உண்மையைச் சொல்வதானால், அது அன்று தொடங்கிய ஆட்டமன்று. மூன்று மாதங்களாகவே அவ்விடத்தில் ஒரு கசப்பு ஊறிக்கொண்டிருந்தது. பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தேன். வீட்டுப்பாடத்தை ஒரு மாணவன் இவ்வாறு தள்ளிப்போட்டால் நான் விடுவேனா?

மறுநாள் வகுப்பில் நுழைந்து “வணக்கம்” என்றேன். உறை கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பல்லும் இதழும் இயைந்தால்தான் வகரம் என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். தகரமும் நகரமும் பிறக்க நாநுனி மேற்பல்லின் அடியைச் சென்று ஒற்றவேண்டும். எத்தனையோ முறை கற்பித்த பாடம். அன்று வகரம் வெறுங்காற்றாய்ப் போயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து, “ஐயா, பாடத்தை நான் வாசிக்கட்டுமா?” என்றாள்.

வீட்டில், “செருப்பு ஒட்டிய பசை மிச்சம் இருக்கிறதே, ஒட்டிப் பார்க்கக்கூடாதா?” என்றாள் என் மனைவி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதே எண்ணம் எனக்கும் இருந்தது. நல்லவேளை, பல் மருத்துவராகிவிட்ட என் பழைய மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“ஐயா, அந்தப் பசையைத் தொடவே வேண்டாம்! ஈறு புண்ணாகும்; உறை கோணலாக ஒட்டிக்கொண்டால் பிறகு எடுப்பதே பெரும்பாடு. கழுவி ஒரு சிமிழில் போட்டு வையுங்கள். மாட்டிக்கொண்டு உறங்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அந்தப் பல்லால் எதையும் கடிக்காதீர்கள். இரண்டொரு நாளில் மருத்துவரைப் பாருங்கள்.”

“நோவு ஒன்றும் இல்லையே, அம்மா?”

“வேர்ச் சிகிச்சை செய்த பல் ஐயா அது. உள்ளே நரம்பே இல்லை. எப்படி நோகும்?”

அச்சொல்தான் என்னை மருத்துவமனைக்கு விரட்டியது. உறையைப் பிடித்திருந்த சாந்து எச்சிலில் கரைந்திருந்தது. அவ்விடுக்கில் கிருமிகள் புகுந்து, எஞ்சியிருந்த பல்லை ஓசையின்றி அரித்திருந்தன. மருத்துவர் கருவியால் மெல்லச் சுரண்டியபோது பழுப்பு நிறத் துகள்கள் உதிர்ந்தன. அடிப்பல் திடமாக இருந்திருந்தால் பழைய உறையையே ஒட்டியிருக்கலாமாம். சிதைவு ஈறுக்குக் கீழே வெகுவாக இறங்கியிருந்தால் பிடுங்கவேண்டியும் வந்திருக்கலாம். என் பல் இரண்டுக்கும் நடுவே நின்றது. வேருக்குள் ஒரு தண்டு ஊன்றிப் புதிய உறை செய்யவேண்டும் என்றார். ஒரு தற்காலிக உறையை ஒட்டி அனுப்பினார். அச்சாந்தில் கிராம்பு மணந்தது. துத்தநாக ஆக்சைடைக் கிராம்பெண்ணெயின் சத்தோடு குழைப்பார்களாம். தோட்டத்து வீட்டில் என் பாட்டி பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொள்வது நினைவுக்கு வந்தது.

தற்காலிக உறையை நம்பி உரக்கப் பேச எனக்குத் துணிவில்லை. புதியது வரும்வரை, காலைதோறும் அந்தச் சிறுமியே எழுந்து நின்று “வணக்கம்” என்றாள். வகரம் அத்தனை திருத்தமாக இருந்தது.