கசிந்த தொட்டியும் கடமைகளின் வரிசையும்



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இன்று நம் வீடுகளில் பரவலாகிவிட்டது. பிள்ளைகளின் ஆசைக்காகத் தொடங்கி, சில மாதங்களில் பெரியவர்களே அதன்முன் அமர்ந்து மாலைத் தேநீர் அருந்தும் நிலைக்கு வந்துவிடுகிறோம். நீந்தும் உயிர்களைப் பார்த்திருப்பதில் மனத்துக்கு ஓர் அமைதி உண்டு. படைத்தவனின் வல்லமையை எண்ணிப் பார்க்கவும் அது வாய்ப்பாக அமைகிறது. ஆனால் அந்தத் தொட்டி ஒருநாள் கசியத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் அது நேர்ந்தது. அதிலிருந்து மீண்டு மறுபடியும் தொடங்கிய நாட்களில் நாங்கள் அறிந்துகொண்டவை பிறருக்கும் பயன்படட்டும் என்ற நிய்யத்துடன் இதை எழுதுகிறோம்.

சென்னைப் பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் இரண்டாம் தளத்தில் நாங்கள் வசிக்கிறோம். எங்கள் தொட்டி 3 அடி நீளமும் 15 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்டது. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 160 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கண்ணாடியும் அடியில் பரப்பிய கூழாங்கற்களும் சேர்ந்தால் மொத்தம் 200 கிலோவை நெருங்கிவிடும். நீரின் அழுத்தத்தைத் தாங்கி அந்தக் கண்ணாடிகளைப் பிரியாமல் பிடித்திருப்பது ஆணியோ இரும்புச் சட்டமோ அன்று. இணைப்புகளில் உள்ள மெல்லிய சிலிகான் பசையே. ரப்பரைப்போல் நெகிழும் அந்தப் பசைக்கும் ஆயுள் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி விளிம்புகளில் உரியத் தொடங்கும். எங்கள் தொட்டிக்கு வயது 11. உறவினர் ஒருவர் வேலை நிமித்தம் வெளிநாடு சென்றபோது, அந்தத் தொட்டியையும் அதிலிருந்த இரண்டு தங்கமீன்களையும் எங்களிடம் அமானிதமாக ஒப்படைத்துச் சென்றார். பின்னர் எங்கள் மகனின் விருப்பத்துக்காக மேலும் இரண்டு சேர்ந்தன.

ஒரு வியாழக்கிழமை இரவு, இஷா தொழுகைக்குப் பின் கசிவைக் கண்டோம். தொட்டியின் பின்புற அடிமூலையில் நீர் முத்து முத்தாக அரும்பி, மரத்தாங்கியின் கால்வழியே இறங்கித் தரையில் பரவியிருந்தது. முதலில் அந்த அறையின் மின்சாரத்தை எம்.சி.பி.யிலேயே நிறுத்தினோம். நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் ஈரக்கையோடு எதையும் தொடலாகாது. விளக்கு, வடிகட்டி, காற்றுப் பம்பு எல்லாவற்றின் கம்பிகளும் அந்த ஈரத்தின் நடுவேதான் கிடந்தன. அதன்பிறகே தொட்டியை நெருங்கிப் பார்த்தோம். நீர்மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. கணக்கிட்டால் ஏறத்தாழ 25 லிட்டர். ஆனால் தரையில் அத்தனை நீர் இல்லை. அப்படியானால் மீதி நீர் எங்கே சென்றது?

கீழ்வீட்டுக்குச் சென்றிருந்தது. எங்களில் ஒருவர் மீன்களருகே நிற்க, மற்றவர் படியிறங்கிச் சென்று அழைப்புமணியை அழுத்தினோம். அங்கே வயது முதிர்ந்த இருவர் வசிக்கின்றனர். அவர்களுடைய படுக்கையறையின் கூரையில் ஈரம் வட்டமாகப் படர்ந்து, மின்விசிறிக்கு அருகே சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் கட்டிலை நகர்த்திவிட்டு அடியில் ஒரு வாளியை வைத்திருந்தார். விசிறியின் மின்சாரத்தையும் நிறுத்தச் சொன்னோம். “கூரை காய்ந்ததும் வெள்ளையடித்துத் தருவது எங்கள் பொறுப்பு, ஐயா” என்றோம். “தண்ணிதானே, காஞ்சிடும். மீனெல்லாம் என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க முதல்ல” என்றார் அவர். பிறகு சமையலறைப் பக்கம் சென்று, மெட்ரோ தண்ணீர் பிடித்துவைக்கும் வாயகன்ற நீல டிரம்மைக் காலிசெய்து, “இத எடுத்துட்டுப் போங்க” என்று கையில் கொடுத்தார்.

அண்டை வீட்டாரின் உரிமையை வானவர் ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதால், அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக வரும் ஹதீஸை நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அன்றிரவு அதன் பொருள் எங்களுக்கு நேரடியாகப் புலப்பட்டது. பசை எப்படி விட்டது, எப்போது விட்டது என்பதெல்லாம் பின்னர் ஆராய வேண்டியவை. எங்கள் வீட்டு நீர் அவர் வீட்டில் சொட்டுகிறது. அதுதான் முதலில் கவனிக்கப்பட வேண்டியது. அடுத்தது, வாயில்லா உயிர்கள். நம் பொருளும் அதன் நட்டமும் அதற்குப் பின்னரே. கலக்கம் மிகுந்த நேரத்தில் எதை முதலில் செய்வது என்று தடுமாறாமலிருக்க இந்த வரிசை எங்களுக்குப் பெரிதும் உதவியது.

மீன்களை இடம் மாற்றும்போது புதிய நீரில் விடவில்லை. தொட்டியிலிருந்த நீரையே குழாய்வழி உறிஞ்சி டிரம்மில் நிரப்பினோம். அவை பழகிய நீர் அதுதான். வெப்பமும் தன்மையும் திடீரென மாறினால் மீன்கள் தாங்கா. பழைய வடிகட்டியின் பஞ்சைக் கழுவாமல், காயவிடாமல், அதே டிரம்மில் போட்டுக் காற்றுப் பம்பை அடுத்த அறையின் மின்னிணைப்பிலிருந்து இயக்கினோம். துள்ளி விழாதபடி வாயை வலையால் மூடினோம். முதல் இரண்டு நாட்கள் உணவிடவில்லை. நலமாக உள்ள வளர்ந்த மீன்கள் சில நாட்கள் உணவின்றி இருக்கும். சிறிய இடத்தில் உணவு மிகுந்தால் கழிவு மிகுந்து நீரே நஞ்சாகிவிடும். நள்ளிரவுக்குள் நான்கு மீன்களும் டிரம்முக்குள் இருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து மஷூரா செய்தோம். “மீனை யாருக்காச்சும் குடுத்துடுங்க, வீட்டுல நிம்மதியா இருப்போம்” என்றார் உம்மா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. செலவு, உழைப்பு, கீழ்வீட்டாருக்கு மீண்டும் தொல்லை நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் எல்லாம் எங்களுக்கும் இருந்தன. ஏரியில் விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். அது கருணைபோல் தோன்றும், ஆனால் கருணையன்று. தொட்டியில் வளர்ந்த மீன்களுள் பல வெளியே பிழைப்பதில்லை. பிழைப்பவை அங்குள்ள மீன்களுக்கு இடையூறாகின்றன. அலங்கார மீன்களாக விற்கப்படும் சக்கர் மீன்கள் தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் தொல்லையாகியிருப்பதை நாம் அறிவோம். ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரைதேட விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ், அடைத்து வளர்க்கும் எவருக்கும் எச்சரிக்கை. அடைத்தவர்மேல் பொறுப்பு இருக்கிறது. இறுதியில் நாங்கள் எடுத்த முடிவு இது: தொட்டியை நம்பிக்கையோடு செப்பனிட முடிந்தால் தொடர்வது, முடியாவிட்டால் நன்கு பராமரிக்கத் தெரிந்தவரிடம் மீன்களை ஒப்படைப்பது. உம்மாவும் அதற்கு இசைந்தார்.

வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் எங்களுக்குத் தொலைவில்லை. அங்கே தொட்டி ஒட்டும் தொழிலாளர் ஒருவரிடம் காட்டினோம். உள்விளிம்பில் பசை பூசினால் போதாதா என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் அனைவரும் அறிய வேண்டியது. உள்விளிம்புப் பூச்சு ஒரு காப்பு மட்டுமே. கண்ணாடியையும் கண்ணாடியையும் பிணைப்பது அவற்றின் இடையே உள்ள பசை. அது விட்டுப்போயிருந்தால் மேலே எவ்வளவு பூசினாலும் பயனில்லை. மேலும் புதிய சிலிகான் பழைய சிலிகான்மீது சரியாக ஒட்டாது. எனவே கண்ணாடிகளை முழுவதும் பிரித்து, பழைய பசையைத் தகட்டால் சுரண்டி, எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, மீண்டும் ஒட்ட வேண்டும். குளியலறைக்கென விற்கப்படும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிகான் மீன்களுக்குக் கேடு. மருந்து கலவாததையே பயன்படுத்த வேண்டும்.

ஒட்டியபின் ஏழு நாட்கள் அதைத் தொடாமல் விட்டோம். ஈரப்பசையிலிருந்து வரும் காடியின் நெடி முற்றிலும் நீங்கும்வரை காத்திருந்தோம். பிறகு பால்கனியில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, முதல்நாள் கால்பங்கு, மறுநாள் பாதி, மூன்றாம் நாள் முழுவதும் என நீர் நிரப்பினோம். ஒவ்வொரு நாளும் ஃபஜ்ருக்குப் பின் குனிந்து தாளைத் தொட்டுப் பார்ப்போம். மூன்று நாளும் தாள் உலர்ந்தே இருந்தது.

அதற்கிடையே ஓர் இழப்பு நேர்ந்தது. டிரம்மில் ஒன்பதாம் நாள், நான்கு மீன்களுள் மூத்தது இறந்துகிடந்தது. உறவினர் விட்டுச்சென்ற இரண்டில் அது ஒன்று. அதன் ஆயுள் அவ்வளவே. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எட்டு வயது மகன் அன்று பள்ளிக்குச் செல்லவில்லை, பேசவும் இல்லை. “மீனுக்காகவா அழுகிறாய்?” என்று எங்கள் வாயில் வரவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர், தம் சிறிய பறவை இறந்து வருந்தியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பெயர்சொல்லி விசாரித்துப் பேசிய நிகழ்ச்சியை அவனுக்குச் சொன்னோம். இவ்வளவு பெரிய பொறுப்புகளைச் சுமந்தவர்கள் ஒரு சிறுவனின் பறவையை நினைவில் வைத்திருந்தார்கள் என்பது அவனுக்கு வியப்பாக இருந்தது. மாலையில் மருதாணித் தொட்டியின் மண்ணில் மீனைப் புதைத்தோம். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கும் அன்றே தகவல் தெரிவித்தோம். அமானிதம் குறைந்தால் உரியவருக்குச் சொல்வதும் அமானிதத்தின் பகுதியே. அவர் ஒரு சொல்லும் வருந்திக் கூறாமல், மீதமுள்ளவற்றுக்காகத் துஆ செய்தார்.

தொட்டியை மீண்டும் வைக்கும்போது தாங்கியை ரசமட்டம் வைத்துச் சமன்செய்தோம். ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருந்தாலும் பாரம் முழுவதும் ஒரு மூலையில் விழும். அடியில் தெர்மாகோல் தகடு பரப்பினோம். மின்கம்பிகள் ஒவ்வொன்றும் சுவிட்சை விடத் தாழ்ந்து வளைந்து மேலேறும்படி அமைத்தோம். அப்போது கம்பிவழியே நீர் வடிந்தாலும் அது வளைவில் சொட்டிவிடும், சுவிட்சை எட்டாது. இனிக் கசிந்தால் உடனே தெரியும்படி தாங்கியின் அடியில் விளிம்புள்ள ஒரு தட்டையும் வைத்தோம்.

கண்ணாடி தயாராகிவிட்டால் தொட்டி தயாராகிவிட்டது என்று பலரும் கருதுகிறோம். உண்மையில் அதன்பிறகே பொறுமைக்கு வேலை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சு. வேறுவகை அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நீரை அவ்வப்போது மாற்றிவந்தால் அதனால் பெருந்தீங்கில்லை. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள் நீரில் மிதப்பதைவிட வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலுமே மிகுதியாகக் குடியிருக்கின்றன. முற்றிலும் புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதனாலேயே பழைய பஞ்சைக் காத்துவைத்தோம். எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்று அதையும் எறிந்துவிடுவோரும், குளோரின் கலந்த குழாய்நீரில் நன்றாகக் கழுவிவிடுவோரும் உண்டு. தொட்டி பளிச்சென்று இருக்கும். மீன்கள் ஒரு வாரத்தில் சோர்ந்துவிடும்.

பஞ்சு உயிரோடு இருந்தும், சோதனைக் குப்பியில் மஞ்சளாக இருக்க வேண்டிய நிறம் முதல் சில நாட்கள் இளம்பச்சை காட்டியது. அம்மோனியா இருப்பதன் அடையாளம் அது. இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு நீரைக் குளோரின் நீக்கி மாற்றினோம். எடுத்த நீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றினோம். மூன்றாம் வாரத்தில் நிறம் மஞ்சளில் நிலைத்தது. காலியான இடத்துக்கு வேறு மீன் வாங்கலாமா என்று மகனிடம் கேட்டோம். “இப்ப வேண்டாம் வாப்பா, இந்த மூணும் நல்லா இருக்கட்டும்” என்றான்.

கீழ்வீட்டுக் கூரை முழுவதும் காய ஆறு வாரங்கள் ஆயின. ஈரத்தின்மேல் வண்ணம் பூசினால் மீண்டும் உரியும் என்பதால் அங்கேயும் காத்திருந்தோம். கறைபட்ட இடத்தில் மட்டும் பூசினால் தனியே தெரியும். ஆகவே அந்த அறையின் கூரை முழுவதற்கும் வண்ணம் பூசச் செய்தோம். பெரியவர் வேண்டாமென்று தடுத்தார். “இது உங்கள் உரிமை, ஐயா, எங்களைத் தடுக்காதீர்கள்” என்று கேட்டுக்கொண்டோம். டிரம்மைக் கழுவி வெயிலில் உலர்த்தித் திருப்பித் தந்தோம்.

மீன் வளர்க்கும் சகோதர சகோதரிகளே! வாரம் ஒருமுறை தொட்டியின் நான்கு அடிமூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். தொட்டியின் வயதைக் குறித்துவையுங்கள். நீர் பிடிக்கும் பெரிய டிரம் ஒன்றையும் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கீழ்வீட்டாரோடு ஸலாமோ வணக்கமோ சொல்லிப் பழகும் உறவை இன்றே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். துன்பம் வரும் நாளில் அறிமுகம் செய்துகொள்வது கடினம்.

நம் பொறுப்பில் உள்ள உயிர்களின் உரிமையையும், நம் சுவருக்கு அப்பால் வாழ்வோரின் உரிமையையும் நிறைவேற்றும் வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அளிப்பானாக. ஆமீன்.