ஒரு சாண் பனியும் ஒரு சின்னக் காரும்

மணாலியில் ஜனவரி மாதத்துக் காலை மண்வாரியின் சத்தத்தோடு விடிகிறது. இரவெல்லாம் பெய்த பனியில் தெருவோரக் கார்கள் ஒரே அச்சில் வார்த்த வெள்ளை மேடுகளாகிவிடுகின்றன. எது யாருடைய வண்டி என்று அடையாளம் சொல்ல அதன் சொந்தக்காரரால்தான் முடியும். கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு வரும் டாக்ஸி ஓட்டுநர் கதவைத் திறப்பதற்கு முன் வண்டியின் பின்பக்கம் போகிறார். குனிந்து, சைலன்சர் குழாயின் வாயை அடைத்திருக்கும் பனியைக் கையால் தோண்டி எறிகிறார். சாவியைத் தேடுவது அதற்குப் பிறகுதான். வெளியூர்க்காரர்களுக்கு இது ஏதோ பழக்கதோஷம் போலத் தெரியும். அது எவ்வளவு பெரிய பாடம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்த மேடுகளைச் சுரண்டினால் வெளிவருவது பெரும்பாலும் ஒரு சின்னக் கார். மலைப்பாதை என்றால் ஜீப் என்று நினைப்பவர்களுக்கு இமாச்சலப் பிரதேசம் கொஞ்சம் ஆச்சரியம் தரும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, இமயமலைச் சரிவுகளுக்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. 796 சிசி அளவில் மூன்று சிலிண்டர் இன்ஜின், சுமார் 650 கிலோ எடை, 12 அங்குலச் சக்கரங்கள். அவ்வளவுதான் அதன் சொத்து. ஆனாலும் சிம்லாவின் குறுகிய ஏற்றங்களும் குலுப் பள்ளத்தாக்கின் கொண்டை ஊசி வளைவுகளும் அதை ஏற்றுக்கொண்டன. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது அந்த இடத்தில் ஏற்கெனவே ஆல்டோ உட்கார்ந்திருந்தது. மணாலியின் டாக்ஸி நிறுத்தங்களில் ஆல்டோக்களை எண்ணத் தொடங்கினால் கை ஓய்ந்துவிடும்.

இந்தச் சின்னக் கார்களுக்குப் பனியில் சில அனுகூலங்கள் உண்டு. இன்ஜின் முன்னால் இருக்கிறது. அதன் பாரம் முழுக்க, வண்டியை இழுக்கும் முன்சக்கரங்களின் மேலேயே விழுகிறது. எனவே அந்தச் சக்கரங்களுக்குப் பிடி கிடைக்கிறது. பின்சக்கரத்தால் தள்ளப்படும் வண்டி, சுமை இல்லாதபோது வாலை ஆட்டத் தொடங்கிவிடும். ஆல்டோ டயரின் அகலம் 145 மில்லிமீட்டர்தான். அகலமான டயர் புதுப்பனியின் மேல் மிதக்கப் பார்க்கும் இடத்தில், ஒல்லி டயர் பனியைக் கீறி அடியிலுள்ள தாரைத் தொடப் பார்க்கிறது. கடைசி அனுகூலம் எந்த விளம்பரத்திலும் வராதது: சிக்கிக்கொண்டால் நான்கு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம்.

ஆனால் எல்லை ஒன்று இருக்கிறது. ஆல்டோவின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 160 மில்லிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. பனி அதைத் தாண்டிவிட்டால் வண்டியின் அடித்தகடு பனிமேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சக்கரங்கள் சுழலும், கார் நகராது. உள்ளூர் ஓட்டுநர்கள் இதற்கு அளவுகோல் தேடுவதில்லை. விரல்களை விரித்துப் பனியில் கையை இறக்குகிறார்கள். கை மறைந்துவிட்டால் அன்றைக்குச் சவாரி இல்லை.

பனியைவிட அவர்கள் அஞ்சுவது பாலாவுக்கு. இந்தியில் உறைபனிக்கு அந்தப் பெயர். பகல் வெயிலில் உருகிச் சாலையில் வழியும் நீர், வெயில் மறைந்ததும் கண்ணாடிப் படலமாக இறுகிவிடுகிறது. கறுத்த தாரின் மேல் அது இருப்பதே தெரியாது. சற்று நனைந்த சாலை என்றுதான் தோன்றும். சிம்லாவிலிருந்து குஃப்ரிக்கும் நார்க்கண்டாவுக்கும் போகிற தேசிய நெடுஞ்சாலையில், சூரியன் எட்டாத வளைவுகள் எவை என்பது அந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். வடக்குப் பார்த்த சரிவு, தேவதாரு மரங்களின் நிழல், ஓடையைக் கடக்கும் பாலம்: இந்த மூன்று இடங்களிலும் அவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடுவதில்லை. காலையில் நெடுஞ்சாலை ஊழியர்கள் மணலை வாரி இறைத்த பிறகுதான் பலர் வண்டியை எடுக்கிறார்கள்.

பனியில் ஓட்டுவதை அவர்கள் முட்டை உடையாமல் நடப்பதோடு ஒப்பிடுகிறார்கள். முதல் கியரில் கிளப்பினால் சக்கரம் வெறுமனே சுழலும் என்பதால் இரண்டாவது கியரில் மெல்லக் கிளப்புவார்கள். இறக்கத்தில் கியரே பிரேக். ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டுவதோ, ஆக்ஸிலேட்டரை உதைப்பதோ கிடையாது. வண்டி சறுக்கினால் காலை எடுத்துவிட்டுப் போக வேண்டிய திசையில் சக்கரத்தைத் திருப்பிக் காத்திருப்பார்கள். சிறு ஏற்றம் ஒன்றில் ஆல்டோ திணறினால் அதைத் திருப்பி நிறுத்தி ரிவர்ஸில் ஏற்றுகிற காட்சியையும் இங்கே பார்க்கலாம். இதில் வேடிக்கை ஏதுமில்லை. ஏற்றத்தில் பாரம் கீழ்ப்பக்கச் சக்கரங்களுக்கு இறங்குகிறது. ரிவர்ஸில் போகும்போது கீழே இருப்பவை இழுவைச் சக்கரங்கள்.

சங்கிலி இன்னொரு கலை. முன்சக்கர வண்டிக்கு முன்சக்கரங்களில்தான் சங்கிலி கட்ட வேண்டும். பின்னால் கட்டிக்கொண்டு ஏன் ஏறவில்லை என்று விழிக்கும் பயணிகளை எல்லாப் பருவத்திலும் பார்க்கலாம். பனி கண்ணில் படும் முன்பே, சமதளமான இடத்தில் கட்டிக்கொள்வது நல்லது. ஏற்றத்தின் நடுவில், உறைந்த விரல்களோடு கட்டுவது பாதி தோல்வி. கட்டிய பிறகு சில நூறு மீட்டர் ஓட்டி மீண்டும் இறுக்க வேண்டும். மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெறும் தாரில் சங்கிலியோடு ஓட்டினால் டயரும் கெடும், சங்கிலியும் அறும். சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்குகிறது. குளிர்காலத்துக்கென்றே செய்த மென்மையான டயர்கள் இந்தியக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இரும்புச் சங்கிலியின் மவுசு குறையவில்லை.

வண்டியை ஓட்டுவது பாதி என்றால் இரவில் காப்பாற்றுவது மீதி. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுகிற சிக்கனம் இங்கே செல்லாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துவிடுகிறது. இன்ஜின் பிளாக்கைப் பிளக்க அது போதும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி வரை கவலையில்லை. சின்னக் காரின் பேட்டரியும் சின்னது. கடுங்குளிரில் அதன் வலு பாதியாகிவிடும். பழைய பேட்டரி என்றால் இரவில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத் தூங்கினால் நனைந்த பிரேக் கட்டைகள் காலையில் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்கிறார்கள். வைப்பர்களைத் தூக்கி நிறுத்துகிறார்கள், இல்லாவிட்டால் ரப்பர் கண்ணாடியோடு உறைந்துவிடும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது வெளியூர்க்காரர்களின் கண்டுபிடிப்பு. விரிசல் விழுந்த பிறகே பலர் அதை நிறுத்துகிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். மணாலியின் தகரக் கூரைகளிலிருந்து பனி மொத்தமாகச் சரியும். ஈரம் ஏறிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேலும் கனக்கும். மெல்லிய தகட்டால் ஆன சின்னக் காரின் கூரை அதைத் தாங்காது. காரின் கூரையில் சேர்ந்த பனியை வழிக்காமல் கிளம்பினாலும் ஆபத்துதான்: முதல் பிரேக்கில் அந்தக் குவியல் கண்ணாடியில் சரிந்து பார்வையை மறைத்துவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் சின்னக் காருக்குக் கவலை இல்லை. டீசல் குளிரில் மெழுகாகித் திரியும். அதனால்தான் 2019-ல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று தனியாகக் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. பெட்ரோலுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இவையெல்லாம் ஒரு காலத்தில் உள்ளூர்க்காரர்களின் சமாசாரமாகவே இருந்தன. 3,978 மீட்டர் உயரத்து ரோதாங் கணவாய் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் பனியில் மூடிக்கிடந்தது. பெயருக்குப் பிணக்குவியல் என்று பொருள் சொல்வது வழக்கம். அதற்கு அப்பால் இருந்த லாஹௌல் பள்ளத்தாக்கு வெளியுலகத் தொடர்பே அற்றுப்போகும். 2020 அக்டோபர் 3-ல் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை இந்தக் கதையை மாற்றிவிட்டது. மணாலிக்கும் கேலாங்குக்கும் இடையே 46 கிலோமீட்டர் குறைந்தது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் தவித்த கிராமங்களுக்கு இது மறுவாழ்வு. அதே வழியாக டெல்லியிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் பனியைப் பார்க்க வரும் கார்களும் நுழைந்தன. பியாஸ் நதிக் கரையிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்தில் சந்திரா நதிக் கரையில் இறங்கிவிடலாம். சுரங்கத்துக்குள் சாலை உலர்ந்து கிடக்கும். வெளியே வந்த மறுகணம் சக்கரத்தின் கீழே பாலா. ஓட்டுபவருக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள அவகாசமில்லை.

2024 டிசம்பரின் பிற்பகுதியில் சோலாங்குக்கும் சுரங்கப்பாதைக்கும் இடையே திடீர்ப் பனியில் வாகனங்கள் கிலோமீட்டர் கணக்கில் சிக்கி, ஆயிரக்கணக்கான பயணிகளைப் போலீசார் மீட்க வேண்டியிருந்தது. கையைவிட்டுப்போன வண்டி சறுக்கி இறங்க, ஓட்டுநர்கள் கதவைத் திறந்து குதித்த காட்சிகளை நாடே பார்த்தது. அப்படிச் சறுக்கியவற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டிகளும் இருந்தன. அவை ஏறுவதில் கெட்டி. நிற்பதில் ஆல்டோவைவிட ஒரு படி மேலும் இல்லை. பிரேக்குக்கு எல்லா வண்டியிலும் நான்கு சக்கரம்தான். இப்போது பனி விழுந்த உடனே போலீசார் தடுப்பு போடுகிறார்கள். நான்கு சக்கர இழுவையோ சங்கிலியோ இல்லாத வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். அந்தத் தடுப்பில் நின்று, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வாதாடும் குடும்பங்களை எந்த வாரக் கடைசியிலும் காணலாம்.

வாதாடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பாகிஸ்தானின் முர்ரீ மலைவாசஸ்தலத்தில் 2022 ஜனவரி 7-ம் தேதி இரவு, பனி பார்க்க வந்த கார்கள் நகர முடியாமல் நின்றன. விடிந்தபோது 20-க்கும் மேற்பட்டவர்கள் காருக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள், குழந்தைகள் உட்பட. பலரைக் கொன்றது குளிர் அல்ல, கார்பன் மோனாக்ஸைடு என்று சொல்லப்பட்டது. ஹீட்டருக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஏறிவரும் பனி புகைக்குழாயை அடைத்துவிடும். புகை அடிவழியே காருக்குள் கசியும். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் அதை விரும்பிப் பற்றிக்கொள்கிறது. லேசான தலைவலி, பிறகு இதமான தூக்கம். சின்னக் காரின் குழாய் தரைக்கு வெகு அருகே இருக்கிறது. ஒரு சாண் பனியே அதை மூடிவிடும்.

சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலில் குழாயைச் சுற்றிப் பனியை அள்ள வேண்டும், மணிக்கொரு முறை மீண்டும் அள்ள வேண்டும். இன்ஜினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. இரண்டு கம்பளி, ஒரு மண்வாரி, கொஞ்சம் வெல்லம், தண்ணீர் ஆகியவை டிக்கியில் இருந்தால் கைகொடுக்கும்.

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் சோலாங் பக்கத்து மலைகளின் நிழல் சாலையில் இறங்கத் தொடங்குகிறது. பயணிகள் பனிமனிதனுக்கு மூக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க் கார்கள் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். டாக்ஸி ஓட்டுநர்கள் மட்டும் வானத்தையும் சாலையோரத்து ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சவாரிகளை அவசரப்படுத்துகிறார்கள். இன்னும் அரை மணி நேரம் என்று கெஞ்சும் குழந்தைகளுக்கு அவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: பனி நாளைக்கும் இருக்கும். சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் போய் ஒரு முறை குனிந்து பார்க்கிறார்கள். பிறகு இரண்டாவது கியரில், முட்டை உடையாமல், அந்தச் சின்னக் கார் கீழே இறங்கத் தொடங்குகிறது.