ஏழு நாளும் ஒரு வாரமும்

ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே பேச்சு உண்டு. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கே எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

1970-களின் தொடக்கத்தில் காரைக்காலிலிருந்து வந்து புதுச்சேரி தாகூர் கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒருவன் தும்மினால் இரண்டு நாளில் மற்ற இருவரும் தும்முவோம். டாக்டரிடம் போகக் கையில் காசு இருக்காது. மணியார்டர் வந்த முதல் மூன்று நாள்தான் நாங்கள் பணக்காரர்கள்.

எங்களுக்கு வைத்தியர் வீட்டுக்கார ஆயாதான். கொதிக்கும் நீரில் நொச்சி இலையும் மஞ்சள்தூளும் போட்டு, போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிக்கச் சொல்வார். பாத்திரம் தரையில்தான் இருக்க வேண்டும். "மடியில வெச்சிக் கவுத்துக்கினா, மூக்குல இருக்கிறது தொடைக்கு வரும்டா" என்பார். தொண்டைக்கு உப்பு போட்ட வெந்நீர்க் கொப்பளிப்பு, இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன், ராத்திரிக்கு மிளகு ரசமும் குழைந்த சாதமும்.

இவை எதுவும் ஜலதோஷக் கிருமியைக் கொல்வதில்லை. அது வைரஸ், ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் அது மசியாது. ஆனால் அடைத்த மூக்கு இளகும், தொண்டை எரிச்சல் தணியும், தூக்கம் வரும். மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

ஆயாவின் கெட்டிக்காரத்தனம் கஷாயத்தோடு முடியவில்லை. இரண்டாம் வருடப் பரீட்சை சமயம், அறை நண்பன் ஒருவனுக்குச் சளி பிடித்து, ஐந்தாறு நாளில் தேறிவிட்டான். பிறகு திடீரென்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது என்றான். ஆவி பிடிக்க வெந்நீர் கேட்டு அவனே ஆயாவிடம் போனான். அவனை ஏற இறங்கப் பார்த்தவர், அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "இது சளி இல்ல, ரிக்‌ஷா கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். பிழைத்தான். அந்தப் பரீட்சையை அடுத்த தடவை எழுதித் தேறினான்.

இப்போது பேரன் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறான். போன வாரம் மூக்கடைத்த குரலில் பேசினான். ஆயாவின் வைத்தியத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, இதையும் சொன்னேன்: காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, தேறிய பிறகு திரும்பி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பத்து நாளாகியும் குறையாவிட்டாலோ, கஷாயத்தை வைத்துவிட்டு டாக்டரிடம் போ.

"சரி தாத்தா, ஆனா ரூம்ல கெட்டில் வெச்சிக்க வார்டன் விடமாட்டாரே" என்றான்.

மெஸ்ஸில் ரசத்துக்கு மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல் என்றேன்.