மிச்சத்தைத் திங்கட்கிழமை பேசலாம்

எந்த மைதானத்துக்குப் போனாலும், தோற்ற பிள்ளைகளை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடும். குறுவட்டப் போட்டி நடக்கிற பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு வேப்பமரம் இருக்கும். ஜெயித்த அணி அதன் நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். தோற்றவர்கள் ஆடிய இடத்திலேயே, வெயிலில், வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஒருவர் நின்று பேசிக்கொண்டிருப்பார். பேச்சு காதில் விழாத தூரத்திலிருந்தே அது என்ன பேச்சு என்று சொல்லிவிடலாம். பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்து மண்ணைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கோ-கோ ஆடிய காலம் நினைவுக்கு வருகிறது. குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். மாவட்டம் வரை போய் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். நாங்கள் சேசிங். நேரம் முடியப்போகிற சமயம், எங்களில் ஒருத்தி முதுகில் கை படுவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார். அந்த இடைவெளியில் எதிரணி ஓட்டக்காரி கம்பத்தைச் சுற்றித் தப்பித்துவிட்டாள். கோ-கோவில் தவறு செய்தவள் ஒளிந்துகொள்ள முடியாது. மற்றவர்கள் எல்லாரும் குந்தியிருக்க, அவள் மட்டும் நின்றுகொண்டிருப்பாள்.

ஆட்டம் முடிந்ததும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் எங்களை உட்கார வைத்தார். "யாரால தோத்தோம்?" என்று கேட்டார். ஒவ்வொருத்தியாக எழுப்பி, "நீ சொல்லு, நீ சொல்லு" என்றார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தி, முன்பே எழுந்தவளின் பெயரைச் சொன்னாள். அதற்கப்புறம் எல்லாரும் அதையே சொன்னார்கள். முழங்கால் சிராய்ப்பில் மண்ணும் ரத்தமும் கலந்து காய்ந்துகொண்டிருந்தது. டிஞ்சர் போட யாரும் வரவில்லை.

மதியத்துக்குப் புளிசாதப் பொட்டலம் கொடுத்தார்கள். அந்தப் பெண் அதைப் பிரிக்கவே இல்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். அதன்பிறகு அவள் மைதானத்துக்கு வரவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வெளையாட்டு?" என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஒரு பெண்பிள்ளையை மைதானத்திலிருந்து கூட்டிப்போக வீடுகள் ஒரு காரணத்துக்காகக் காத்திருக்கின்றன. அந்தக் காரணத்தை ஒரு பயிற்சியாளரே எடுத்துக் கொடுப்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவில் நான்சி பார்னெட், பிராங்க் ஸ்மோல், ரொனால்ட் ஸ்மித் என்ற மூவர் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவர் பேஸ்பால் அணிகளின் பயிற்சியாளர்கள் சிலருக்குச் சீசன் தொடங்குமுன் எளிய பயிற்சி ஒன்று கொடுக்கப்பட்டது. நன்றாகச் செய்ததைப் பாராட்டு, முயற்சியைப் பாராட்டு, தவறு செய்த பிள்ளையைத் தைரியப்படுத்தி எப்படித் திருத்திக்கொள்வது என்று சொல்லிக் கொடு, திட்டாதே. அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, மற்ற பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதம் பேர் திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் வராமல் போனது 5 சதவீதம் மட்டுமே. வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிரிக்காத பொட்டலம்தான் ஞாபகம் வந்தது.

சினிமா வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கிறது. 2019இல் வந்த 'பிகில்' படத்தில், ஒரு வீராங்கனையை அவள் உடம்பைச் சொல்லிச் சீண்டி, அழவைத்து, அந்தக் கோபத்தில் ஆடவைப்பார் பயிற்சியாளர். தியேட்டரில் கைதட்டினார்கள். படத்தில் அவள் ஜெயித்துவிடுகிறாள். நிஜத்தில் அப்படிச் சீண்டப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது எங்களுக்கு ஒரு பி.டி. மிஸ் வந்தார்கள். அவர்கள் அணியும் தோற்கத்தான் செய்தது. தோற்ற பத்தாவது நிமிஷம் மிஸ் தண்ணீர்க் குடத்தோடு எங்களுக்கு நடுவில் இருப்பார்கள். யாருக்கு எங்கே அடி என்று பார்ப்பார்கள். "கடைசிவரைக்கும் ஓடுனீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மிச்சத்தத் திங்கக்கெழம பேசிக்கலாம், இப்ப சாப்பிடுங்க." வேறெதுவும் சொல்லமாட்டார்கள். சில பயிற்சியாளர்கள் அணி தோற்றால் பேசாமல் விறைப்பாகப் போய்விடுவார்கள். அதைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். பேசாத முகத்தைக் கோபம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் அந்த இரண்டு வாக்கியம் கட்டாயம் வேண்டும்.

திங்கட்கிழமை மிஸ் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போடுவார்கள். எந்த இடத்தில் கோ கொடுத்திருக்கலாம், ஓட்டக்காரி எந்தப் பக்கம் சாய்ந்தாள், கை பட்டபிறகு எழுவது எப்படி. திங்கட்கிழமை எல்லாம் காதில் ஏறியது. சனிக்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எதுவும் ஏறாது. பேசுகிறவருக்கும் அந்நேரம் ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கும், என்ன சொல்கிறோம் என்ற நிதானம் இருக்காது.

ஜான் வுடன் என்ற அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிப் பின்னாளில் வாசித்தேன். 12 ஆண்டுகளில் 10 தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றவர். 1974-75 சீசனில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளுக்குப் போய் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் குறித்தார்கள். குறித்த 2,326 செயல்களில் முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுப்பதாகவே இருந்தது. நீண்ட உபதேசமே கிடையாது. மிஸ் வுடன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். கையில் இருந்த குச்சியால் அதையேதான் செய்தார்கள்.

2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் இந்தியப் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று வென்றார்கள். மேட் விரிப்பில் ஆடினார்கள், மண்ணே இல்லை. மனசு நிறைந்திருந்தது. ஆனால் என் பார்வை தோற்ற நேபாளப் பெண்கள் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவர்களிடம் யார் என்ன சொன்னார்களோ.

ஜெயித்தாலும் பேச்சு குறைவாகத்தான் இருக்க வேண்டும். பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஆளாளுக்குப் பேச, கோப்பை வாங்கிய பிள்ளைகள் பசியில் நெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. பைக்கில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து, வீடு வரும்வரை அந்த ஆட்டத்தையே அலசிக்கொண்டு வருகிற அப்பாக்கள். இறங்க முடியாத இடத்தில் இருக்கிறது அந்தப் பிள்ளை. சாருடைய கேள்வியையே கொஞ்சம் மாற்றி அப்பா கேட்கிறார்: "நீ ஏன் அந்த எடத்துல விட்ட?"

பயிற்சியாளர்களே, பி.டி. ஆசிரியர்களே, ஆட்டம் முடிந்தவுடன் தண்ணீர் கொடுங்கள், காயத்தைப் பாருங்கள். அத்தனை பேர் முன்னால் யார் பெயரையும் சொல்லாதீர்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதீர்கள். அவற்றில் ஒன்று, அடுத்த பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதாக இருக்கட்டும். தவறு செய்த பிள்ளையிடம் அதை முதலில் சொல்லுங்கள்.